கைமருந்தும் கைவிடப்பட்டோரும்

அயர்லாந்து தேசத்துக் கிராமங்களில், கக்குவான் இருமல் கண்ட குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்குக் கீழாக நுழைத்து மறுபுறம் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நெஞ்சில் சளி கட்டினால் வாத்துக் கொழுப்பை உருக்கித் தடவினார்கள். கடற்பாசியைப் பாலில் காய்ச்சி இருமலுக்குக் குடித்தார்கள். காஞ்சோன்றி இனத்துச் செடி பட்டுத் தோல் தடித்தால், அதனருகிலேயே முளைத்துக் கிடக்கும் வேறோர் அகன்ற இலையைக் கசக்கித் தேய்த்தார்கள். ஏழாவது மகனுக்கு ஏழாவது மகனாகப் பிறந்தவன் கைபட்டால் நோய் தீரும் என்று நம்பினார்கள். அத்தகைய கைக்குக் கூலி கொடுத்தால் மருந்து பலிக்காது என்றும் நம்பினார்கள்.

இவற்றைப் படித்து நம் வாசகர் நகைப்பாரானால் நாம் தடுக்கப்போவதில்லை. தமிழகத்து ஊர்களில் கைக்குழந்தையின் இருமலுக்குக் கழுதைப்பால் சங்கில் விலைக்கு ஊற்றப்பட்டதையும், கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் பயந்த குழந்தைக்குத் திருநீறு போட்டு மந்திரிப்பதையும் நினைத்துக்கொண்டு நகைக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறோம். வறிய மக்கள் உள்ள இடமெல்லாம் கைமருந்து உண்டு. வாத்து கிடைக்கும் இடத்தில் வாத்து. கொத்தமல்லி கிடைக்கும் இடத்தில் கொத்தமல்லி.

மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தருவது நம் நோக்கமன்று. பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. வார இதழ்களைப் புரட்டினால் 'பாட்டி வைத்தியம்' என்ற தலைப்பில், அரைப் பக்கமாவது அச்சாகாத வாரமில்லை. அப்பகுதிகளில் வரும் பாட்டி எப்பொழுதும் புன்னகை புரிகிறாள். அவளுடைய முற்றத்தில் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை எல்லாம் செழித்து நிற்கின்றன. அவளுக்குப் பேரக்குழந்தைகளைக் கவனிக்க நாள் முழுவதும் ஓய்வு இருக்கிறது. தேனும் பனங்கற்கண்டும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இந்தப் பாட்டியை நாம் கண்டியில் தேடிப் பார்த்தோம். ஹந்தானை மலைச்சரிவிலும் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயங்களிலும் நாம் கண்ட பாட்டிமார், நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து முதுகு வளைந்தவர்கள். முற்றம் என்பது அவர்களுக்கு இஸ்தோப்புக்கு முன்னால் உள்ள நாலு முழ இடம். அதில் ஒரு கற்பூரவல்லித் தொட்டி இருந்தால் அதுவே தோட்டம்.

கைமருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கைமருந்து உண்ணுகிறவர்களைப் பற்றி எழுதுவதில்லை. நம் குறை இதுதான். இக்குறை இன்று நேற்று ஏற்பட்டதும் அன்று.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டான். இந்நாட்டில் தொழில்முறை வைத்தியர் என்று எவரும் இல்லை, மக்கள் தாங்களே தங்களுக்கு வைத்தியராக இருக்கின்றனர், காட்டிலுள்ள இலைகளையும் மரப்பட்டைகளையும் கொண்டே மருந்து செய்கின்றனர் என்ற பொருள்பட அதில் எழுதியிருக்கிறான். தொழில்முறை வைத்தியர் இல்லை என்பதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பரம்பரை வைத்தியக் குடும்பங்களும் ஓலைச்சுவடிகளும் கண்டி நாட்டில் இருந்தன. ஆனால் நொக்ஸின் எழுத்தில் ஒரு நேர்மை உண்டு. அவன் தகப்பன் சிறைப்பட்ட மறு ஆண்டே குளிர்காய்ச்சலில் மாண்டவன். கெட்ட நீரால் வந்த காய்ச்சலுக்குத் தானே கஞ்சா இலையைத் தின்று பார்த்ததை அவன் மறைக்கவில்லை. நோயாளியாக இருந்து எழுதியவன் அவன். அவனுக்கு ஊர் மருந்து வேடிக்கைப் பொருளாக இருக்க முடியாது.

ஜோன் டேவி எழுதியது வேறு வகை. இவர் பட்டாளத்து மருத்துவர். புகழ்பெற்ற இரசாயன விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பி. கண்டி வீழ்ந்த மறு ஆண்டு, 1816இல், இங்கு வந்து 1820 வரை இருந்து, 1821இல் இத்தீவின் உட்பகுதியைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். கூர்மையான கண், ஒழுங்கான எழுத்து. ஆனால் சுதேச வைத்தியத்தை அவர் வெற்றி பெற்றவனின் அளவுகோலைக் கொண்டு அளக்கிறார். அதே ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவர்கள் காய்ச்சல் கண்டவனுக்கு அட்டை விட்டு இரத்தம் எடுத்துக்கொண்டும், பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக்கிக்கொண்டும் இருந்தார்கள். (கண்டித் தோட்டத் தொழிலாளியின் காலில் அட்டை தானாகவே ஏறிக்கொள்ளும், அதற்கு வைத்தியர் வேண்டியதில்லை. அவன் தடவுவது உப்பும் சவர்க்காரமும் சுண்ணாம்பும்.)

நொக்ஸ் குறித்த அந்தக் காடு என்னவாயிற்று? கைமருந்து பற்றி எழுதும் எவரும் கேட்காத கேள்வி இது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசாங்கத்துக்கு உரியதாக்கிற்று. அரசாங்கம் அதைக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. கண்டியைச் சூழ்ந்த மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. சிங்களக் குடியானவன் தன் மருந்துக்காட்டை இழந்தான். அந்த மொட்டை மலையில் கோப்பி நட வந்த தமிழ்த் தொழிலாளி, தன் ஊர்க் குளக்கரையையும் வேலியோரத்தையும் விட்டு வந்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் ஆயிரமாயிரம் பேர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தார்கள். ஒரே சட்டமும் ஒரே முதலாளியும் இருவரையும் மருந்தில்லாதவராக்கியதைச் சரித்திரப் புத்தகங்கள் இரு வேறு அத்தியாயங்களாகச் சொல்கின்றன. அவ்விரண்டையும் ஒன்றாக வாசிக்க நம் மாணவருக்கு எவரும் கற்பிப்பதில்லை.

கொயினா மரத்தின் கதையைப் பாருங்கள். அது தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையிலிருந்து வந்த பட்டை. அதிலிருந்துதான் மலேரியாவுக்குரிய கொயினா மருந்து கிடைத்தது. 1861இல் ஹக்கலையில் அதற்கென்றே ஒரு தாவரத் தோட்டம் அமைத்தார்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை நட்டுப் பெயர் பெற்ற ஜேம்ஸ் டெயிலர், கொயினாவையும் பயிரிட்டவர். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்துபோனபோது, துரைமார் கொயினாவின் மேல் பாய்ந்தார்கள். 1880களில் இலங்கைப் பட்டை இலண்டன் சந்தையில் குவிந்து விலையே சரிந்துவிட்டது. அத்தனை மருந்தையும் உரித்துக் காயவைத்து மூட்டை கட்டியவள் யார்? அவள் லயத்துக் காம்பிராவில் காய்ச்சல் வந்தபோது கசாயம் காய்ச்சியது நிலவேம்பிலும் கொத்தமல்லியிலும்தான். கசப்பான மருந்தில் மிகச் சிறந்ததைக் கப்பலில் ஏற்றிவிட்டு, இருந்த கசப்பைத் தான் குடித்தாள். இதை அவளுடைய 'பாரம்பரிய ஞானம்' என்று எழுதுவது அவமதிப்பு.

இதனால் அந்தக் கசாயம் பயனற்றது என்று நாம் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. கண்டிச் சந்தைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையொன்றில் சென்ற மாதம் அரை மணி நேரம் நின்று பார்த்தோம். ஒரு சிங்களப் பெண்மணி 'பஸ்பங்குவ' கேட்டார். ஐந்து பங்கு என்று பொருள். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்பாடகம், மரமஞ்சள் ஆகிய ஐந்தும் காய்ந்து ஒரு பொட்டலத்தில். அவருக்குப் பின்னால் நின்ற தோட்டத்து அம்மாள் ஒருவர் கொத்தமல்லியும் சுக்கும் மரமஞ்சளும் தனித்தனியாக வாங்கினார். இருவர் வீட்டிலும் இரவு கொதிக்கப்போவது ஏறத்தாழ ஒரே குடிநீர். ஆவாரை அங்கே 'ரணவரா', சிறுபீளை 'பொல்பலா', நன்னாரி 'இரமுசு', வல்லாரை 'கொட்டுக்கொலை', வில்வப்பூ 'பெலிமல்'. பெயர்கள்தாம் இரண்டு. அம்மை கண்டால் வேப்பிலை கட்டி மாரியம்மனை வேண்டும் லயமும், பத்தினித் தெய்யோவை வேண்டும் கிராமமும் அவ்வளவு தூரத்தில் இல்லை. கண்டி நகரின் நடுவே தலதா மாளிகைக்கு எதிரில் கோயில் கொண்டுள்ள அந்தப் பத்தினி, நம் கண்ணகியேயன்றி வேறெவரும் இல்லை. 1948இல் பல இலட்சம் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தவர்கள் கொத்தமல்லியிடம் பிறப்புச் சான்று கேட்கவில்லை. அதுவும் கடல் கடந்து வந்ததுதான்.

இத்தகைய ஒற்றுமையைச் சொல்லிவிட்டு உள்ளம் நெகிழ்ந்து நின்றுவிடுவது நம் முற்போக்கு எழுத்தாளர் சிலரின் பழக்கம். ஒரே கசாயம் குடிக்கும் மக்கள் ஏன் அதைக் குடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை.

கேட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 1934இல் பருவமழை பொய்த்தது. மகாவலியும் மகா ஓயாவும் வற்றித் துண்டு துண்டாகத் தேங்கின. அத்தேக்கங்களில் நுளம்பு பெருகி, அவ்வாண்டின் கடைசியிலும் 1935இன் தொடக்க மாதங்களிலும் மலேரியா பரவி, ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருணாகல் பகுதிகளின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சாவு. கொடிவேர்க் கசாயம் அங்கே எல்லோர் வீட்டிலும் இருந்தது, அது காக்கவில்லை. சூரியமல் இயக்கத்து இளைஞர் கொயினாவோடு கிராமங்களுக்குச் சென்றார்கள். கொயினா மட்டும் போதாது, கிடப்பவர்கள் பட்டினி கிடப்பவர்கள் என்பதைக் கண்டார்கள். கலாநிதி என். எம். பெரேரா பருப்பைச் சுமந்து வழங்கினார். மக்கள் அவரைப் 'பருப்பு மாத்தையா' என்று அழைத்தார்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயையும் பசியையும் ஒன்றாகவே கணக்கிட்டார். 1935 டிசம்பரில் தோன்றிய சமசமாஜக் கட்சியின் வேர் அந்தக் காய்ச்சல் கிராமங்களில் ஓடியிருந்தது. பருப்பு மருந்தன்று. ஆனால் எந்த மருந்தும் பருப்பில்லாமல் வேலை செய்யாது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

நாம் நேரில் அறிந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கண்டி மாவட்டத்துத் தோட்டமொன்றின் பள்ளியில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சொன்னது. தோட்டத்தின் பெயர் வேண்டியதில்லை. எதைச் சொன்னாலும் பொருந்தும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டதல்லவா? அந்த ஆண்டின் நடுவில் அவர் வகுப்பிலிருந்து ஒரு சிறுமி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் லயத்துக்குப் போனார். பாட்டி பப்பாளியிலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சிறுமியின் காய்ச்சல் விட்டிருந்தது, கைகால் சில்லிட்டிருந்தது, வயிறு வலிப்பதாக முனகினாள். டெங்குவில் காய்ச்சல் விடும் வேளையே ஆபத்தான வேளை என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். பாட்டி அறிந்திருக்கவில்லை, காய்ச்சல் விட்டது என்று மகிழ்ந்திருந்தாள்.

அவர் ஒரு முச்சக்கரவண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். பிள்ளை பிழைத்தது. அங்கே கடமையிலிருந்த ஒருவர் பாட்டியைப் பார்த்து, 'காட்டு மருந்து கொடுத்துப் பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தாயா?' என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினாராம். பாட்டி ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில்தான் நண்பரிடம் கணக்குச் சொன்னாள். முதல் நாள் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. இரண்டாம் நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் லொறி கேட்டார்கள்; லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. முச்சக்கரவண்டிக்குப் போக வரக் கேட்ட கூலி, தாயின் இரண்டு நாள் சம்பளம். வைத்தியசாலையில் நின்றால் தாய்க்குப் பேர் இல்லை. பப்பாளி மரம் லயத்துக்குப் பின்னால் நின்றது, அதற்குக் காசில்லை.

இங்கே மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? பாட்டி பப்பாளியை நம்பினாள் என்பதைவிட, வேறு எதையும் நம்ப அவளுக்கு இடமளிக்கப்படவில்லை என்பதே பொருத்தம். தோட்ட மருத்துவத்துக்கென 1872இலேயே சட்டம் வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்க சுகாதார சேவையோடு இணைக்கும் வேலை இன்றும் முழுமை பெற்றதாகச் சொல்லவியலாது. ஒன்றரை நூற்றாண்டுச் சட்டங்களுக்குப் பின்னரும் லொறி கொழுந்தைத்தான் முதலில் ஏற்றுகிறது. கொழுந்து வாடிவிடுமல்லவா!

ஆயினும் நண்பர் சொன்ன கதையில் பாட்டியின் பக்கம் நின்றுகொண்டு பப்பாளிச் சாற்றுக்கு வாழ்த்துப் பாட நாம் ஆயத்தமாக இல்லை. இடதுசாரி எழுத்தாளருள் ஒரு சாரார், மக்களுடையது என்பதாலேயே எதையும் போற்றத் துணிந்துவிட்டனர். 'மேலைநாட்டு மருந்துக் கம்பனிகளின் சூழ்ச்சி' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதற்குப் பின் எந்தக் கசாயத்தையும் சோதிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறார்கள். இது மக்கள் பற்றன்று. விசர்நாய் கடித்தவனுக்கு எந்தப் பச்சிலையும் இல்லை. நோய்க்குறி கண்டபின் சாவு ஏறக்குறைய நிச்சயம். புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் போடும் தடுப்பூசியை உடனே போட்டுக்கொள்வதே வழி. கடிவாயில் எதையோ அரைத்துக் கட்டிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவனுக்காக 'பாரம்பரியம்' பொறுப்பேற்கப் போவதில்லை. நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் நல்லதென்று காமரங்காப் பழத்தையும் பிளிம்பிக்காயையும் வெறும் வயிற்றில் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆடுதீண்டாப்பாளை இனத்து மூலிகைகளிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்குவது உலகறிந்த செய்தி. பச்சையாக இருப்பதெல்லாம் தீங்கற்றது என்பது, நகரத்தில் பிறந்தவன் மட்டுமே நம்பக்கூடிய செய்தி. மலையில் பிறந்தவனுக்குக் கார்த்திகைக் கிழங்கைத் தெரியும்.

மறுபுறம், சோதித்தபின் நின்றவையும் உண்டு. கொத்தல ஹிம்புட்டு என்று சிங்கள மக்கள் வழங்கும் கொடியின் தேநீரை, எது மருந்து எது வெறும் தேநீர் என்று நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி கொடுத்துச் சோதித்தார்கள். நீரிழிவு நோயாளரின் சர்க்கரை அளவு குறைந்ததாக 2005இல் வெளியிட்டார்கள். சீனத்தில் 1967இல் தொடங்கிய இரகசிய மலேரியா ஆராய்ச்சியில், து யூயூ என்ற பெண் விஞ்ஞானி ஏறத்தாழ 1,600 ஆண்டு பழைமையுடைய மருத்துவ நூலொன்றில் ஒரு செடியைப் பற்றிய குறிப்பைக் கண்டார். இலையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும் என்றிருந்தது குறிப்பு. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்று அதிலிருந்து ஊகித்தார். ஆர்ட்டெமிசினின் பிறந்தது, 2015இல் அவருக்கு நோபெல் பரிசு. அவர் பழைய நூலைத் தொழவுமில்லை, எறியவுமில்லை. அதை ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். நம்மிடமும் நூல்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாண மன்னர் காலத்துப் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் தமிழில் உள்ளன. விசாரணைதான் இல்லை.

விசாரணை இல்லாத இடத்தில் யார் புகுகிறார்கள் என்பதையும் பார்த்தோம். 2020 டிசம்பரில், கேகாலைப் பக்கத்து ஆசாமி ஒருவர், தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்று கொரோனாவைத் தீர்க்கும், அதன் செய்முறை காளி தேவியால் அருளப்பட்டது என்றார். அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பலர் அறிய அருந்தினார். ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிற்றூரில் நெருக்கியடித்து நின்றார்கள். நோயிலிருந்து தப்பவென்று போனவர்கள் நோய் பரவக்கூடிய கூட்டமாக நின்றார்கள். அடுத்த மாதம் அமைச்சருக்கே கொரோனா கண்டது. பத்திரிகைகள் இதை நகைச்சுவையாக்கிக் கார்ட்டூன் போட்டுத் தீர்த்துக்கொண்டன. நமக்கு நகைப்பு வரவில்லை. அங்கே நின்றவர்களில் எத்தனை பேர் கூலிக்காரர், வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாதவர் என்று அந்தக் கார்ட்டூன்காரருள் ஒருவராவது கேட்டாரா? ஊரடங்கில் வீட்டிலிருக்க முடிந்தவனுக்குப் பாணி தேவைப்படவில்லை.

அப்புறம் 2022 வந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது, மருந்து தீர்ந்தது. மார்ச் மாதக் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. அந்தச் செய்தியின் கொடுமை பேராதனையை அறிந்தவனுக்கே முழுதும் விளங்கும். ஏனெனில் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர்களுள் ஒருவர் பேராசிரியர் சேனக பிபிலே. எந்த மருந்து நாட்டுக்குத் தேவை, எது வெறும் விளம்பரப் பெயர் என்று சலித்தெடுத்தவர் அவர். எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் அறிக்கை தந்தார். அதே ஆண்டு அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்ற வழிவகுத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இறக்குமதி மருந்துகளை ஏறத்தாழ 600 ஆகக் குறைத்து, விளம்பரப் பெயரை நீக்கி, மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்கச் செய்தார். மூன்றாம் உலகம் முழுவதும் அவரைப் பின்பற்ற முனைந்தது. 1977இல் கயானாவில் அவர் மறைந்தார், அதே ஆண்டு திறந்த பொருளாதாரம் வந்தது, கதவும் திறந்தது. மலைநாட்டு மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாம்.

மருந்து கிடைக்காத அந்த மாதங்களில்தான் நம் இதழ்கள் மீண்டும் பாட்டி வைத்தியத்தைப் பக்கம் பக்கமாக அச்சிட்டன. அழுத்த நோய்க்கு வெள்ளைப்பூண்டு, நீரிழிவுக்குப் பாகற்காய், நெஞ்சுவலிக்கு மருதம்பட்டை! வேறு நாளில் இவை அப்பாவித்தனமான குறிப்புகள். அந்த நாட்களில் அவை ஓர் அரசியல் வாக்குமூலம். அரசாங்கம் தரத் தவறியதைக் கொல்லையில் பறித்துக்கொள் என்று ஏழைக்குச் சொன்ன வாக்குமூலம். எழுதியவர்கள் அந்த நோக்கத்தோடு எழுதினார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. எழுத்தின் வேலை எழுதியவனின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை.

அயர்லாந்துக்கு மீண்டும் வருவோம். அங்கே ஒரு வீட்டிலேயே இருவகை எழுத்தும் பிறந்தன. ஆஸ்கார் வைல்டின் தந்தை வில்லியம் வைல்ட் பெயர்பெற்ற சத்திரவைத்தியர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மாண்டபின், 1851இன் குடிக்கணக்கெடுப்பில் அச்சாவுகளை நோய் நோயாக அட்டவணைப்படுத்திய வேலையில் முதன்மையானவர் அவரே. அடுத்த ஆண்டு ஐரிஷ் மக்களின் நம்பிக்கைகளைப் பற்றியும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம்பியவர்களே பஞ்சத்தில் போய்விட்டார்கள், நம்பிக்கைகளும் அவர்களோடு போகின்றன என்ற துயரம் அதில் ஓடுகிறது. அவர் மனைவி 'ஸ்பெரன்சா' என்ற பெயரில் பஞ்சத்தைப் பற்றி ஆவேசமாகக் கவி பாடியவர். கணவரின் மறைவுக்குப் பின் 1887இல் அவர் வெளியிட்ட தொகுப்பிலோ அதே நம்பிக்கைகள் மர்மமும் மாயமும் பூசிக்கொண்டு இலண்டன் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தன. மருந்து இருந்தது, நோயாளியைக் காணோம். நம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டி அந்த இரண்டாம் நூலின் வமிசம்.

நாம் பின்பற்றத் தக்க மூன்றாவது வழியொன்றும் அங்கே உண்டு. 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை ஒப்படைத்தது. கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டுக் கிழவர்களைக் கேட்டு, ஊர்க் கதைகளையும் வைத்தியங்களையும் பஞ்ச நினைவுகளையும் எழுதிவர வேண்டும். ஏறத்தாழ 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். யார் சொன்னது, எந்த ஊர், என்ன வயது என்றும் குறித்தார்கள். பேராசிரியர் எவரும் தேடிப் போகாத குடிசைகளுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் போனார்கள். ஏனெனில் அது அவர்கள் வீடு. கழுதையின் வயிற்றுக்குக் கீழே நுழைந்த குழந்தையின் செய்தி அப்படித்தான் ஒரு பஞ்சத்துக் கல்லறையின் செய்திக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது.

மேலே சொன்ன ஆசிரிய நண்பர், நாம் இதைச் சொன்னபின், தம் வகுப்பில் முயன்று பார்த்தார். நான்கு தலைப்புக் கொடுத்தார்: நோய், மருந்து, யார் சொன்னது, எப்போது கொடுப்பது. வந்த கொப்பிகளை நாம் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் வழக்கமான குறிப்புகளே. சிலவற்றில் நாம் எங்கும் காணாதவையும் இருந்தன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை, சோதனையின்றி அச்சேற்றுவதற்கு எதிராகத்தானே இத்தனை பக்கம் வாதிட்டோம். ஒரு பெண் பிள்ளை, நெஞ்சுச் சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு என்று எழுதி, நான்காம் தலைப்பின் கீழ் 'டிஸ்பென்சரி பூட்டியிருந்தால்' என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் 'சம்பளத்துக்கு முந்திய கிழமை' என்று எழுதியிருந்தான்.

கொப்பிகள் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. மழைக்காலத்தில் அந்த அறை ஒழுகும் என்பதால், அடுத்த தவணைக்குள் அவற்றைப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்கிறார் நண்பர். ஆற்றுக்கு அப்பாலுள்ள சிங்களப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை, தம் பிள்ளைகளையும் அதே நான்கு தலைப்பில் எழுதவைக்கச் சம்மதித்திருக்கிறாராம்.